மூணாம் நாள்

ஆனிக் காற்றுக்கும் வாழைக்கும் ஆகாது. கொள்ளிடக் கரைத் தோட்டங்களில் அது அடித்து ஓய்ந்தபிறகு போய்ப் பார்த்தால் நூறு இலையில் எழுபது நார் நாராகக் கிழிந்து தொங்கும். மிச்சம் முப்பதைத் தேடி அறுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, வெயில் ஏறுமுன் வீடு கொண்டுவந்து சேர்ப்பான் நல்லதம்பி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு இறங்கும் வழியில் இருந்த எங்கள் தெருவில் அவன் வீட்டை இலைக்காரர் வீடு என்பார்கள். நான் எதிர்வீட்டில் குடியிருந்தேன். ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. தெற்கு வாசலில் வெகுகாலம் மொட்டையாக நின்ற கோபுரம் நிலை நிலையாக உயர்ந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

இலையைக் கழுவுவதும் தரம் பிரிப்பதும் நல்லதம்பியின் மனைவி அழகம்மாளின் பொறுப்பு. நுனி இலை தனி, நடு ஏடு தனி, ஓரம் கிழிந்தது ஓட்டல்களுக்கு. கோயில் வீதிகளில் கல்யாணமோ திவசமோ ததியாராதனையோ எது நடந்தாலும் இலை இந்த வீட்டிலிருந்துதான் போகும். காரணம் அழகம்மாளின் கறார். மாதத்தில் அந்த மூன்று நாளும் அவள் இலைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். பின்கட்டில் கொட்டகையில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நல்லதம்பியே கழுவி அவனே கட்டுவான், கட்டு கோணல்மாணலாக இருக்கும். வாங்க வருகிற சமையல்காரர்கள் கோணல் கட்டைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துகொண்டு திருப்தியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு பெண்ணின் நாள் கணக்கு ஊர்ச் சமையல்காரர்களுக்கெல்லாம் தெரிவது எனக்கு எரிச்சலாக இருக்கும். அழகம்மாளுக்கு அதில் பெருமைதான்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அவளுக்குக் குழந்தை இல்லை. நல்லதம்பியின் தங்கை சந்திரம்மாளைத்தான் மகள் மாதிரி வளர்த்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண். அவளைத் தொட்டியத்தில் வாழைக்காரர் மருதைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவம், இரண்டாவது பிரசவம் இரண்டுக்கும் அண்ணன் வீடுதான் தாய்வீடு.

முதல் பிள்ளை பொன்னன். பிறந்து மூன்றாம் மாதம் புருஷன் வீட்டார் வந்து வழக்கப்படி அழைத்துப் போனார்கள். பால் கொடுக்கிறவளுக்கு வயிற்றில் தங்காது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். தீட்டு வரவே இல்லை. வராமலே, பொன்னனுக்கு ஐந்தாம் மாதத்தில் அடுத்தது வயிற்றில் நின்றுவிட்டது. பால் வற்றியது. பொன்னனுக்குக் கஞ்சியும் பசும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு கண்டு, தேறி, மறுபடி கண்டு, முதல் வருஷ முடி எடுக்கும் முன்பே போய்விட்டான். அப்போது சந்திரம்மாளுக்கு ஏழாம் மாதம். பங்குனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்கு அவளுக்குப் போன ரத்தத்தைப் பார்த்து அழகம்மாள் மயங்கி விழுந்தாள். நல்லதம்பி ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான், இன்னொன்றை ஆஸ்பத்திரியிலேயே எப்படியோ தேடிப் பிடித்து ஏற்றினார்கள். டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: மூன்று வருஷத்துக்கு இன்னொன்று கூடாது, உண்டானால் தாயும் தங்காது.

சொல்வது சுலபம். எப்படி என்று சொல்ல ஆள் வேண்டாமா?

அங்கே குடும்பக்கட்டுப்பாட்டு அறையில் அக்னஸ் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். பாலக்கரைக்காரி, நாற்பது வயது, கண்ணாடி போட்டிருப்பாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள்தான் சந்திரம்மாளின் கட்டிலுக்கு வந்து கர்ப்பப்பையில் வைக்கிற காப்பர்-டி என்று ஒன்று இருப்பதைச் சொன்னாள். சின்னதாக, விரல்நுனி நீளத்தில், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், பாலும் குறையாது என்றாள். சந்திரம்மாள் இப்போதே போடுங்க என்றாள். ஆறு வாரம் கழித்து, தீட்டு வந்தபிறகு, மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வரச் சொன்னாள் அக்னஸ்.

ஆறு வாரம் கழித்து நாத்தனாரும் அண்ணியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனார்கள்.

“வந்துச்சா?” என்று கேட்டாள் அக்னஸ்.

“இன்னும் இல்லீங்க.”

“அப்ப வந்தப்புறம் வாங்க.”

வைகாசி போய் ஆனி பிறந்தது. மறுபடியும் போனார்கள். அதே கேள்வி. இந்தத் தடவை அழகம்மாள் விடவில்லை.

“ஏங்க, போன தடவை இவளுக்கு அது வரவே இல்லீங்க. வராமலேதான் அடுத்தது நின்னுச்சு. நீங்க வந்தப்புறம் வான்னா, வர்றதுக்கு முன்னாடியே நின்னுபோனா என்ன பண்றது?”

“எனக்குத் தெரியுதும்மா. வயித்துல ஒண்ணும் இல்லைன்னு உறுதியாத் தெரியாம போடக்கூடாது. அந்த நாள்னா சந்தேகம் இல்லை. அதுக்குத்தான் ரூல்ஸ்.”

“அவ புருசன் குழந்தையைப் பாக்க ரெண்டு தடவை வந்தாருங்க. ரெண்டு தடவையும் நான் நடுவுல உக்காந்திருந்தேன். அப்புறம் எங்கேருந்து வரும்?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள் அக்னஸ். சொன்ன பிறகு சந்திரம்மாளின் வெளுத்த நகங்களைப் பார்த்திருக்கிறாள். கொஞ்சம் தணிந்த குரலில், “என்னைக் கேட்டா பிரசவம் ஆகி வீட்டுக்கு அனுப்புறதுக்குள்ளயே போட்டு அனுப்பிடலாம்பேன். நடையா நடந்து பாதிப் பேர் திரும்ப வர்றதே இல்லை, அடுத்த பிரசவத்துக்குத்தான் வராங்க. மேல எழுதியும் குடுத்தாச்சு. பதில் இல்லை” என்றாள்.

தொட்டியத்தில் கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். மருதையிடம் சந்திரம்மாள் கேட்டிருக்கிறாள். அவன் கெட்டவன் இல்லை. அக்காவைக் கேட்காமல் ஒரு வாழைக்கன்று நடாதவன், அவ்வளவுதான். அக்கா ரெங்கம்மாள் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருந்து அந்தக் குடும்பத்தை நடத்துகிறவள். “நம்ம வீட்டுல எவளும் கண்டதை உள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்சதில்ல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அந்த ஊரில், இதேபோல் அந்தக் காலத்தில் வந்த லூப்பைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் உதிரம் கொட்டியவள் ஒருத்தி உண்டு. அது மார்புக்கு ஏறிவிடும் என்று ஒரு கதையும் உண்டு. போதாக்குறைக்கு, எட்டு வருஷத்துக்கு முன்னால் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் கேம்ப் ஜீப் வருகிறது என்றதும் ஆண்பிள்ளைகள் வாழைத்தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்ட ஊர் அது. ஜீப் போய்விட்டது, பயம் போகவில்லை. ஊர் நர்ஸ் வந்தால் கதவைச் சாத்துகிறார்கள். அந்த நர்ஸும் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறவள்தான். ஒரே ஒரு பெண்குழந்தையோடு நிற்கிறவள் அவளுக்குக் கணக்கிலேயே வரமாட்டாள்.

சனிக்கிழமை தொட்டியத்திலிருந்து கார்டு வந்தது. படித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவந்தார்கள். வருகிற புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, பெண்ணையும் குழந்தையையும் அழைத்துப் போக வருகிறோம், அதை விட்டால் ஆடி பிறந்துவிடும் என்று எழுதியிருந்தது. காற்றில் முந்நூறு வாழை சாய்ந்துவிட்டதாம், முட்டுக் கொடுக்கிற ஆட்களுக்குச் சமைத்துப்போட வீட்டில் ஆள் இல்லையாம். நான் படித்து முடித்ததும் சந்திரம்மாள் கார்டை வாங்கி, படிக்கத் தெரியாதவள், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“டீச்சர், இதுல அக்கா கையெழுத்தா அவரு கையெழுத்தா?”

“மருதைன்னு போட்டிருக்கு.”

“அவருக்கு ஒண்ணும் எழுத வரலையா தனியா?”

இல்லை என்றேன். குழந்தை அவள் முந்தானைக்குள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு நல்ல கனம். அவள் அதன் தலையைத் தடவிக்கொண்டே, “பொன்னனும் இப்படித்தான் டீச்சர் இருந்தான், இதே கனம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அழகம்மாள் இலை அடுக்கினாள், சோறு பொங்கினாள், மொச்சைக் குழம்பில் உப்புப் போட மறந்தாள். நல்லதம்பி அதையே சாப்பிட்டுவிட்டுப் போனான். அவள் யோசிக்கிறாள் என்றால் அப்படித்தான், சமையல் கெடும்.

திங்கட்கிழமை காலை நல்லதம்பி கட்டைக் கொண்டுவந்து இறக்கியதும் சந்திரம்மாள் வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தாள். அழகம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

“தொடாத. போயி கொட்டகையில உக்காரு.”

“எதுக்கண்ணி?”

“நீ தூரம்.”

சந்திரம்மாள் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தெருவில் நின்ற என்னைப் பார்த்தாள். அழகம்மாள் தெருவுக்கே கேட்கிற குரலில், “வீட்டுக்குத் தூரம் ஆயிட்டா வாயைத் தொறந்து சொல்ல வேண்டாமா புள்ள? இலை கெடக்குதுல்ல?” என்று அதட்டினாள். அப்போதுதான் சந்திரம்மாளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பதினைந்து வருஷமாக எந்த வார்த்தையை வைத்து அந்த வீட்டின் சுத்தத்தைக் காப்பாற்றினாளோ அதே வார்த்தையை எடுத்து அழகம்மாள் பொய் சொன்னாள். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நல்லதம்பிக்குத்தான் தாங்கவில்லை.

“என்ன இது, அழகு? புதன்கிழமை அவங்க வராங்க. இப்பப் போயி...”

“அது உங்களையும் என்னையும் கேட்டுக்கிட்டா வரும்?”

“மூணாம் நாளாச்சே. எப்படிக் கூட்டிட்டுப் போவாங்க?”

“போக மாட்டாங்க. ஆவணியில வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

“லெட்டர் போட்டுரவா?”

“போட்டா புதன்கிழமைக்குள்ள போய்ச் சேருமா? பேசாம இருங்க.”

கொட்டகையில் சந்திரம்மாளுக்குத் தட்டும் தம்ளரும் தனியாகப் போயிற்று. குழந்தையை மட்டும் பாலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள் அழகம்மாள். செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணத்துக்கு ஐந்நூறு இலை கேட்டிருந்தார்கள். கிழியாத இலை கிடைப்பதே கஷ்டம், கிடைத்ததைக் கழுவ ஒரு ஆள். அழகம்மாளின் இடுப்பு ஒடிந்தது. சந்திரம்மாள் கொட்டகையிலிருந்து மெல்லக் கேட்டாள்.

“அண்ணி, நெசமா நான் சுத்தமாத்தானே இருக்கேன். யாரும் இல்லையே இப்ப. ஒரு நூறு இலை நான் கழுவித் தரேனே.”

“வாயை மூடிட்டு உக்காரு. சொன்னா சொன்னதுதான்.”

“பாவம் அண்ணி நீங்க.”

“நீ எந்திரிச்சு வந்து தொட்டேன்னா அப்புறம் எது நெசம் எது பொய்யின்னு எனக்கே தெரியாமப் போயிடும். உக்காரு.”

அன்று சாயங்காலம் அழகம்மாள் என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். நான் காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை.

“டீச்சர், இது வெளிய தெரிஞ்சா ஊர் என்ன சொல்லும் தெரியுமா? பெறாதவ பொறாமையில நாத்தனா வயித்தைக் கட்டிப்புட்டான்னு சொல்லும். அவரே ஒரு நிமிசம் அப்படி நெனச்சாலும் நெனப்பாரு.”

“நல்லதம்பி அப்படி நினைக்கிற ஆள் இல்லை.”

“ஆம்பளைங்க எப்ப எதை நெனப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு அது போகட்டும். பெருமாளுக்குப் போற இலையை வச்சுப் பொய் சொல்லிட்டேனே. அதான் உள்ளுக்குள்ள கெடந்து அடிக்குது.”

“இலையில ஒண்ணும் ஆகலையே. உண்மையில் யாரும் தீட்டு இல்லை.”

“அதான் டீச்சர் நானும் சொல்லிக்கறேன்” என்றாள். பிறகு தெற்குப் பக்கம் திரும்பி, கோபுரம் எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் எங்கேயோ இருந்தது, கையைக் கூப்பி, “எம்மேல எழுதிக்க, அவ மேல எழுதாத” என்றாள். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோனாள்.

புதன்கிழமை காலை ஏழரைக்கே கிளம்பிவிட்டார்கள். நல்லதம்பியிடம் குழந்தைக்குத் தடுப்பூசி, பால் கொடுக்கத் தாயும் வரணும் என்று சொல்லியாயிற்று. பஸ்ஸில் கூட்டம். காவிரிப் பாலத்தில் போகும்போது ஆற்றில் புதுத்தண்ணீர் இன்னும் வரவில்லை, மணல் காற்றில் புகையாகப் பறந்தது என்று அழகம்மாள் பின்னால் சொன்னாள். அந்த அறையில் நடந்ததையும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்னஸ் பெரிய நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

“வந்துருச்சா?”

“வந்துருச்சுங்க.”

“எத்தனாவது நாள்?”

அழகம்மாள்தான் சொன்னாள். “மூணாம் நாளுங்க.”

அக்னஸ் சந்திரம்மாளை உள்ளே அழைத்துப்போய்ப் படுக்கவைத்தாள். அழகம்மாள் திரைக்கு இந்தப் பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். கையுறை மாட்டுகிற சத்தம். அக்னஸ் சோதித்துவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அழகம்மாளின் முன்னால் கையை நீட்டிக் காட்டினாள். கையுறையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

“மூணாம் நாளாம்மா?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. அழகம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“இல்லீங்க. இன்னிக்கு அவளைக் கூட்டிட்டுப் போக வராங்க. போனா அது தீட்டு வர வரைக்கும் காத்திருக்காதுங்க. முதல் புள்ளையை மண்ணுல வச்சாச்சு. இவளையும் வைக்கச் சொல்றீங்களா?”

அக்னஸ் அங்கேயே நின்றாள். வெளியே பெஞ்சில் பத்துப் பேர். வராந்தாவில் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“புருஷன்கூட இருந்தியா, பிரசவத்துக்கு அப்புறம்?” என்று திரைக்குள் பார்த்துக் கேட்டாள். “உன் பிள்ளை தலைமேல சத்தியமாச் சொல்லு.”

“இல்லைங்க” என்றாள் சந்திரம்மாள். “அண்ணி விடலைங்க.”

“பொய் சொன்னா உனக்குத்தான் ஆபத்து. தெரியுமா?”

“தெரியுங்க.”

“கர்ப்பப்பை சுருங்கிச் சின்னதாத்தான் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள் அக்னஸ். பிறகு வந்து நோட்டில் எழுதினாள். எழுதிக்கொண்டே அழகம்மாளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: “மூணாவது நாள்னு எழுதியிருக்கேன். இதுக்கு மாதா கோயில்ல முழங்கால் போட்டுச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கறேன். நீங்க வெளிய போயி வாயைத் தொறக்காதீங்க.”

பத்து நிமிஷ வேலை. சந்திரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான். இரண்டு நாள் இடுப்பு வலிக்கும், கொஞ்சம் உதிரம் படும், ஒரு மாதத்தில் வந்து காட்டணும், காய்ச்சல் வந்தால் அன்றே வரணும் என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினாள் அக்னஸ். வெளியே வந்து புளிய மரத்தடியில் உட்கார்ந்து நாத்தனாரும் அண்ணியும் இஞ்சி மரப்பா வாங்கித் தின்றார்களாம். யார் முதலில் அழுதது என்று அழகம்மாள் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ரெங்கம்மாளும் மருதையும் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு சீப்பு ரஸ்தாளி, ஒரு தூக்கில் அதிரசம், புதுச் சேலை. மருதை வாசலிலேயே நல்லதம்பியோடு நின்றுவிட்டான். முகம் வெயிலில் கருத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“எவ்வளவு போச்சு மாப்ள?” என்றான் நல்லதம்பி.

“முந்நூத்துப் பத்து மச்சான். எல்லாம் தார் தள்ளுன மரம். முட்டுக் குடுக்கச் சவுக்கு கிடைக்கலை.”

உள்ளே அழகம்மாள் ரெங்கம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சந்திரா மூணாம் நாள். கொட்டகையில இருக்கா. லெட்டர் போட நாள் பத்தலை.”

ரெங்கம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள். அறுபது வயதிருக்கும். கட்டைக்குரல், நிறையப் பேச மாட்டாள்.

“இன்னிக்கு விட்டா ஆடி.”

“ஆமாங்கக்கா.”

“அங்க பன்னெண்டு ஆளு முட்டுக் குடுக்கறான். நான் ஒருத்தி பொங்கிக் கொட்டிக்கிட்டு இருக்கேன்.”

“என்னக்கா பண்றது. இது நம்ம கையிலயா இருக்கு?”

ரெங்கம்மாள் எழுந்தாள். குழந்தையைப் பார்க்கிறேன் என்று பின்கட்டுக்குப் போனாள். கொட்டகை வாசலில் நின்று சந்திரம்மாளைப் பார்த்தாள். அடிவயிற்றில் கையை வைத்துச் சுருண்டு படுத்திருந்தவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். ரெங்கம்மாள் கிணற்றடிக்குப் போனாள். வேலிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே கொடி கட்டியிருந்தது. கொடியில் குழந்தையின் துணிகள் காற்றில் படபடத்தன. அவள் கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். வேலிப் பக்கம் பார்த்தாள், துவைகல்லைப் பார்த்தாள்.

“அழகம்மா, இங்க வா.”

அழகம்மாள் போனாள்.

“மூணு நாளா ஒருத்தி தூரமா உக்காந்திருக்கா. கொடியில புள்ளைத் துணிதான் கெடக்கு. அவ துணி எங்க?”

அழகம்மாள் கொடியைப் பார்த்தாள்.

“காலையில எங்க போயிட்டு வந்தீங்க ரெண்டு பேரும்? பஸ்ஸு டிக்கெட்டு முந்தானையில தொங்குது.”

அழகம்மாள் முந்தானையைப் பார்த்தாள். முடிச்சிலிருந்து டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது. பெறாதவள் என்கிற வார்த்தை இப்போது வரும் என்று காத்திருந்தாளாம். வாசலுக்குக் கேட்கிற மாதிரி வந்துவிட்டால் நல்லதம்பியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அப்போது அவள் நினைப்பு. இருந்தும் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

“ஆஸ்பத்திரிக்குத்தான்கா. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவளைத் திட்டாதீங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.”

ரெங்கம்மாள் துவைகல்லில் உட்கார்ந்தாள்.

“பொன்னனைக் குளிப்பாட்டுனது நாந்தான்” என்றாள். “கடைசிக் குளியல். அவங்கம்மா வயித்தைத் தள்ளிக்கிட்டு மூலையில உக்காந்திருந்தா, அவளைத் தொட விடலை. இலை மாதிரி இருந்தான் புள்ள. எடுத்தா கையில கனமே தெரியல.”

அழகம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

“நான் எட்டுப் பெத்தேன். அஞ்ச ஆத்தங்கரையில வச்சேன். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வந்து, முன்னது பாலில்லாமப் போனதுதான். அப்ப நம்ம தலையெழுத்துன்னு நெனச்சேன். இவ கேட்டப்ப வேண்டாம்னு சொன்னேன். அந்த லூப்பு போட்டவ கெடந்து ரத்தமாக் கொட்டுனாளே, நான்தான் பக்கத்துல இருந்து பாத்தேன். அந்தப் பயம். வேற ஒண்ணும் இல்லை.”

“இது அது இல்லையாம்கா. வேற மாதிரியாம். நர்சு நல்ல மாதிரி. தூரம் வந்தாத்தான் போடணுமாம், இவளுக்கு வராமலே போட்டு விட்டா. வலிச்சா வரச் சொல்லியிருக்கா.”

“எத்தன வருசத்துக்குத் தாங்கும்?”

“மூணு வருசம்னாங்க. வேணும்னா முன்னாடியே எடுத்துக்கலாம்.”

“ம்.” ரெங்கம்மாள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். குழந்தையின் துணி ஒன்று காற்றில் கழன்று கிணற்றடிச் சேற்றில் விழப்போனது. எட்டிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலிலிருந்து மருதையின் குரல் கேட்டது. “அக்கா, நேரமாகுது. என்னவாம்?”

“கூட்டிட்டுப் போக முடியாதுடா” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள் ரெங்கம்மாள். “தூரமா இருக்கா. ஆவணியில வரலாம்.”

“சரிக்கா” என்றான் மருதை. அவன் கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகைக்கு எட்டி நின்று, குழந்தையைத் தூக்கி வரச் சொல்லி வாங்கிக்கொண்டான். அது அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. “நல்லாக் கனக்குது” என்றான் உள்ளே பார்த்து. சந்திரம்மாள் தலையாட்டினாள். காப்பர்-டி விஷயத்தை ஆவணிக்குள் அவனிடம் தானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் அண்ணியிடம் சொல்லியிருந்தாள்.

அதிரசத் தூக்கைக் காலி செய்து, திருப்பி அனுப்பும்போது வெறும் தூக்காக இருக்கக்கூடாது என்று அழகம்மாள் அதில் கொஞ்சம் பொரியும் வெல்லமும் போட்டுக் கொடுத்தாள். பத்து நுனி இலையையும் சுருட்டிக் கட்டினாள். வாழைக்காரர் வீட்டுக்கு இலையா என்று மருதை சிரித்தான். உங்க ஊர்ல ஒண்ணு கிழியாம இருக்கா சொல்லுங்க பாப்போம் என்றாள் அழகம்மாள்.

ஆண்கள் முன்னால் நடந்தார்கள். ரெங்கம்மாள் படியிறங்கப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அழகம்மாளின் தோளைத் தொட்டாள். எதிரில் என் வீட்டு வாசலில் நான் நிற்பதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

“அழகம்மா, எம்மவ ஒருத்தியை முசிறியில குடுத்திருக்கேன்ல.”

“ஆமாங்கக்கா.”

“அவளுக்கும் புள்ள பொறந்து அம்பது நாளாச்சு, இப்ப எங்கிட்டதான் படுத்துக் கெடக்கா. நாலாவது. உடம்புல ஒண்ணும் இல்ல, எலும்புதான் இருக்கு. ஆடி கழிஞ்சதும் புருசன் வீட்டுக்குப் போறா.” குரல் இன்னும் இறங்கியது. “அந்த நர்சு அவளுக்கும் போடுவாளா? எம்மவளுக்கு இன்னும் தூரம் வரல.”

அழகம்மாள் அவள் கையிலிருந்த இலைச்சுருளின் நாரை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாக, கோணல் இல்லாமல் கட்டினாள்.

“அடுத்த புதன்கிழமை இங்க கூட்டிட்டு வாங்கக்கா, நான் கூடப் போறேன்” என்றாள். “கேட்டா மூணாம் நாள்னு சொல்லச் சொல்லுங்க.”